காயலான் கடையில கெடச்ச வெஸ்டன் செல், 1000 ஓம் ஸ்டாண்டர்டு, பிஓ பாக்ஸ்: இதுல எதைக் காப்பாத்தலாம்?

திருச்சி_மின்மினி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமான போஸ்ட், பொறுத்துக்கோங்க.

இங்க ஒரு பழைய காலேஜ்ல ஃபிசிக்ஸ் லேப் சாமானெல்லாம் கண்டெம் பண்ணி ஏலம் விட்டிருக்காங்க, அது அப்படியே எங்க ஏரியா காயலான் கடைக்கு வந்து சேர்ந்துடுச்சு. எனக்குத் தெரிஞ்சு நான் ஓடுறதுக்குள்ள பாதி போயே போச்சு. டேன்ஜென்ட் கேல்வனாமீட்டர் வளையமெல்லாம் நசுக்கி பித்தளை கோணிக்குள்ள கெடக்கு, பாக்கவே வயிறு எரிஞ்சுது. மிச்சம் இருந்ததுல மூணு ஐட்டம் பொறுக்கினேன், கடைக்காரர் தராசுல போட்டு பித்தளை ரேட்டுக்கே குடுத்தாரு, மொத்தம் 2,600 ரூபா.

முதல்ல ஒரு வெஸ்டன் ஸ்டாண்டர்டு செல் (மாறாத வோல்டேஜ் குடுக்கிற, மத்ததை ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கான செல்), மரப்பெட்டிக்குள்ள, மேல தெர்மாமீட்டர் சொருக ஒரு ஓட்டை. லேபிள்ல 1.0183 வோல்ட்னு போட்டிருக்கு. கடையிலேருந்து வீட்டுக்கு டவுன் பஸ்ல மடியில நேரா புடிச்சிக்கிட்டே வந்தேன், கண்டக்டர் என்ன தம்பி சாமி படமான்னு கேட்டாரு.

ரெண்டாவது 1000 ஓம் ஸ்டாண்டர்டு ரெசிஸ்டர், அதாவது மத்த ரெசிஸ்டன்ஸை ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கானது. லண்டன் மேக், பேர் தேஞ்சு போயிருக்கு, 1936ன்னு மட்டும் படிக்க முடியுது. பித்தளை டப்பா, சுத்தி ஓட்டை ஓட்டையா இருக்கு, மேலேருந்து ரெண்டு பக்கமும் விரல் மொத்தத்துக்கு செம்புக் கம்பி வளைஞ்சு கீழ எறங்குது. அதோட நுனி மட்டும் வெள்ளி மாதிரி வெளுத்திருக்கு.

மூணாவது பிஓ பாக்ஸ், அதாவது போஸ்ட் ஆபீஸ் பாக்ஸ், ப்ளக்கை எடுத்து வெச்சு ரெசிஸ்டன்ஸ் அளக்கிற பிரிட்ஜ் பெட்டி. கருப்பு எபோனைட் மூடி பச்சையும் பழுப்புமா நிறம் மாறியிருக்கு, ப்ளக்கு எல்லாம் இருக்கு, ஆனா கறுத்துப் போச்சு. பெட்டியோட மர மூடிதான் காணோம்.

என்கிட்ட செகண்ட்ஹேண்ட்ல வாங்கின ஹெச்பி 34401ஏ டிஜிட்டல் மல்டிமீட்டர் இருக்கு. அதுல பாத்தா செல் 1.01805 தான் காட்டுது, ரெசிஸ்டர் ஃபோர் வயர்ல 1000.47 காட்டுது. ரூம்ல 30 டிகிரி. அப்போ செல் செத்துப் போச்சு, ரெசிஸ்டரும் ட்ரிஃப்ட் ஆயிடுச்சு (மதிப்பு நகந்துடுச்சு), அப்படித்தானே? என் பிளான் என்னன்னா ப்ளக்கெல்லாம் உப்புத்தாள் போட்டு பளபளன்னு ஆக்கிடலாம், ரெசிஸ்டரைப் பிரிச்சு பழைய அரக்கை சுரண்டிட்டு புது வார்னிஷ் அடிச்சுடலாம், செல்லை ஷோகேஸ்ல வெச்சுடலாம். சரியா சொல்லுங்க.

---

ஈயக்கம்பி

ப்ரோ உப்புத்தாளை முதல்ல கீழ வைங்க. அப்புறம் பேசலாம்.

செல்லை எந்த ரேஞ்சுல அளந்தீங்க? தப்பித் தவறி ஓம்ஸ் ரேஞ்சுல வெக்கலையே? ஓம்ஸ்ல மீட்டரே கரண்ட்டை உள்ள தள்ளும், அந்த செல்லுக்கு அது விஷம்.

---

திருச்சி_மின்மினி

இல்லைங்க, டிசி வோல்ட்ஸ்லதான். 1 வோல்ட் ரேஞ்சு. வாங்கி வந்த அன்னிக்கு ராத்திரியே பாத்தேன், பொறுமை இல்ல.

---

கேல்வனோ

செத்துப்போச்சுன்னு யார் சொன்னா? எனக்கு அது உயிரோட நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியுது.

மொதல்ல மீட்டர் விஷயம். 34401ஏ ஆன் பண்ணின உடனே இன்புட் 10 மெகா ஓம்லதான் நிக்கும், மெனுவுக்குள்ள போயி நீங்களா மாத்தினாத்தான் 10 ஜிகா ஓமுக்கு மேல போகும். 1 வோல்ட்டுக்கு 10 மெகா ஓம்னா 0.1 மைக்ரோஆம்ப் இழுக்குது. ப்பூ இவ்வளவுதானான்னு தோணும், ஆனா வெஸ்டன் செல்லோட உள் ரெசிஸ்டன்ஸ் சில நூறு ஓம் இருக்கும், அதனால பத்துக்கணக்கான மைக்ரோவோல்ட் அங்கேயே விழுந்துடும். ஹை இம்பீடன்ஸுக்கு மாத்திட்டு மறுபடி பாருங்க. பாத்துட்டு உடனே எடுத்துடுங்க, மாட்டியே வெக்காதீங்க.

அடுத்து டெம்பரேச்சர். அதுதான் பெரிய விஷயம். லேபிள்ல உள்ள நம்பர் 20 டிகிரிக்கு, திருச்சில 20 டிகிரி எந்த ஜென்மத்துல வரும். சாச்சுரேட்டட் செல்லா இருந்தா 20க்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 40 மைக்ரோவோல்ட் குறையும், அதுவும் நேர்கோடு இல்ல, மேல போகப் போக சரிவு கூடும். 1908ல லண்டன் மாநாட்டுல ஒத்துக்கிட்ட ஃபார்முலா ஒண்ணு இருக்கு, அதுல போட்டா 30 டிகிரிக்கு மொத்தம் 490 மைக்ரோவோல்ட் குறையணும்.

சாச்சுரேட்டடான்னு எப்படி தெரியும்னா, பெட்டியைத் தொறந்து (சாய்க்காம!) டார்ச் அடிச்சுப் பாருங்க. ஹெச் மாதிரி கண்ணாடி இருக்கும். ஒரு கால்ல அடியில பாதரசம், அதுக்கு மேல சாம்பல் நிறத்துல பேஸ்ட், இன்னொரு கால்ல அடியில காட்மியம் அமால்கம். ரெண்டுலயும் மேல கல்கண்டு மாதிரி படிகம் கெடந்தா அது காட்மியம் சல்ஃபேட், அது சாச்சுரேட்டட். படிகம் இல்லாம தண்ணி மட்டும் இருந்தா அன்சாச்சுரேட்டட், அதுக்கு டெம்பரேச்சர் பாதிப்பு ரொம்ப கம்மி, ஆனா வருஷா வருஷம் இறங்கிட்டே வரும், 1930கள்ல செஞ்சதுன்னா இப்போ ஷோகேஸ்தான்.

இன்னொண்ணு, ஃபேன் காத்து ஒரு பக்கமா அடிக்காம பாத்துக்கோங்க. ரெண்டு காலும் தனித்தனியா எடுத்தா ஒண்ணு டிகிரிக்கு 300 மைக்ரோவோல்ட் சொச்சம் மேல போகும், இன்னொண்ணு அதைவிடக் கொஞ்சம் கூட கீழ வரும், ரெண்டும் அடிச்சுக்கிட்டு மிச்சம்தான் அந்த 40. ஒரு கால் மட்டும் கால் டிகிரி சூடானா கணக்கே போச்சு. அதுக்குத்தான் மரப்பெட்டி. வெளிச்சமும் படக்கூடாது, அந்த பேஸ்ட் வெளிச்சத்துல கெடும்.

பஸ்ல ஆடி வந்ததால ஒரு பத்து நாள் அசைக்காம நேரா வைங்க. அப்புறம் அளங்க. சொல்ல மறந்துட்டேன், கண்ணாடியில விரிசல் இருந்தா கை வெக்காதீங்க, உள்ள பாதரசம், காட்மியம் ரெண்டுமே விஷம். ஒடைஞ்சா தொடப்பம், வேக்குவம் க்ளீனர் ரெண்டும் கூடாது.

---

லேப்_அண்ணாச்சி

தம்பி, நான் 31 வருஷம் காலேஜ் லேப்ல இருந்து ரிட்டயர் ஆனவன். உங்க போஸ்டைப் படிச்சதும் அந்த கோணி மூட்டைதான் கண்ணுல நிக்குது.

பிஓ பாக்ஸ் ப்ளக்கை உப்புத்தாள் போடவே கூடாது. அந்த ப்ளக்கும் பித்தளைக் கட்டையும் ஒண்ணுக்கொண்ணு அரைச்சு ஜோடி சேத்தது, கூம்பு ஒரு மயிரிழை தேஞ்சாலும் உக்காராது. எங்க லேப்ல ஒரு தடவை இன்ஸ்பெக்ஷன் வருதுன்னு புதுசா வந்த அட்டெண்டர் அம்மா நல்ல மனசோட எல்லா ப்ளக்கையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளியும் செங்கல் பொடியும் போட்டு தேய்ச்சுக் கொண்டாந்துட்டாங்க. தங்கம் மாதிரி மின்னுச்சு. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவரும் பாராட்டிட்டுத்தான் போனாரு. அடுத்த வாரம் பசங்க எக்ஸ்பெரிமெண்ட் பண்றாங்க, பேலன்ஸே நிக்கல, ப்ளக்கைத் தொட்டா கேல்வனாமீட்டர் முள்ளு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஓடுது. இதுல இன்னொரு கொடுமை, அந்த அம்மா எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டுக் கொண்டாந்ததால எந்த ப்ளக்கு எந்த ஓட்டைக்குன்னே தெரியல. அந்த பாக்ஸ் அதோட முடிஞ்சுது.

நீங்க செய்ய வேண்டியது, ஒரு ப்ளக்கை எடுங்க, ஐசோப்ரோபைல் தொட்ட பஞ்சுத் துணியால தொடைங்க, அதே ஓட்டைல வெச்சு லேசா அழுத்தி ஒரு திருகு, அவ்வளவுதான். அப்புறம்தான் அடுத்த ப்ளக்கு. கறுப்பு போகலேன்னா போகட்டும் விடுங்க, தலையில இருக்கிற கறுப்பு ஒண்ணும் பண்ணாது, கூம்பு பளிச்சுன்னு இருந்தா போதும்.

எபோனைட் பச்சையானது வெளிச்சம் பட்டு. அதுல கந்தகம் இருக்கு, வெளிச்சமும் ஈரமும் சேந்தா மேல சல்ஃப்யூரிக் ஆசிட் மெல்லிசா பூக்கும், அது வழியா கரண்ட் கசியும். பெரிய ரெசிஸ்டன்ஸ் எடுக்கும்போது தப்பு வர்றதுக்கு அதான் காரணம். டிஸ்டில்டு வாட்டர்ல துணியை நனைச்சு நல்லா பிழிஞ்சுட்டு ரெண்டு மூணு தடவை தொடைச்சு உடனே காய வைங்க. சுடுதண்ணி மட்டும் வேணாம், இருக்கிற கறுப்பும் போயிடும்.

அப்புறம் அந்த ரெசிஸ்டரோட வெள்ளை நுனி, அது பாதரசம் தம்பி. அந்தக் காலத்துல அந்த ரெண்டு செம்புக் காலையும் பாதரசக் கிண்ணத்துல முக்கித்தான் பிரிட்ஜோட சேப்பாங்க, கான்டாக்ட் சுத்தமா இருக்கணும்னு. கையில தொட்டிருந்தா சோப்பு போட்டுக் கழுவுங்க. அந்த நுனியில சால்டரிங் அயர்ன் வெச்சுடாதீங்க, ஆவி நேரா மூக்குக்குத்தான் வரும்.

மர மூடி காணோம்னு சொன்னீங்களே, கடைக்குத் திரும்பப் போங்க. மூடியோட உள்பக்கம்தான் கரெக்ஷன் கார்டு ஒட்டியிருப்போம், போட்டிருக்கிற மதிப்புக்கும் நிஜ மதிப்புக்கும் எவ்வளவு வித்தியாசம்னு எழுதினது. பாக்ஸைவிட அந்தக் காகிதம் முக்கியம்.

---

ஈயக்கம்பி

அண்ணாச்சி சொன்னதோட ஒண்ணு. வார்னிஷ் வேலையும் வேணாம். உள்ள இருக்கிறது மாங்கனின் கம்பி. செம்பு 84, மாங்கனீஸ் 12, நிக்கல் 4. அதுவும் இந்த செல்லைக் கண்டுபிடிச்ச அதே எட்வர்டு வெஸ்டன் கண்டுபிடிச்சதுதான், செல்லுக்கும் கம்பிக்கும் ஒரே அப்பா. கான்ஸ்டன்டனும் டெம்பரேச்சருக்கு அசையாது, ஆனா செம்போட சேந்தா டிகிரிக்கு 40 மைக்ரோவோல்ட் தெர்மல் வோல்டேஜ் குடுக்கும், மாங்கனின் அதுல கிட்டத்தட்ட ஒண்ணுமே குடுக்காது. அதனாலதான் ஸ்டாண்டர்டுக்கெல்லாம் இது. ஆனா இழுத்தாலோ வளைச்சாலோ மதிப்பு மாறிடும், செஞ்சப்போ சூடு காட்டி மாசக்கணக்கா ஊற வெச்சுத்தான் அந்த டென்ஷனை எடுத்திருப்பாங்க. நீங்க அரக்கை சுரண்டினா 90 வருஷத் தூக்கம் கலைஞ்சுடும்.

அரக்குலயும் ஒரு கதை இருக்கு. அமெரிக்காவோட பியூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ்ல ரோசா, பாப்காக்னு ரெண்டு பேரு 1907 வாக்குல கவனிச்சாங்க, ரெசிஸ்டன்ஸெல்லாம் கோடைக்கு ஏறுது குளிருக்கு இறங்குது. டெம்பரேச்சரை சரி பண்ணின பிறகும் ஏறி இறங்குது. கடைசில பாத்தா கம்பி மேல பூசின அரக்கு காத்துல உள்ள ஈரத்தைக் குடிச்சு உப்புது, உப்பி கம்பியை இழுக்குது. வாஷிங்டன்ல கோடைலதான் ஈரம் ஜாஸ்தி. அதுக்கப்புறம்தான் ரோசா எண்ணெய் ஊத்தி சீல் பண்ணின டப்பாவுக்குள்ள வெச்சாரு. உங்களோடது ஓட்டை டப்பா, அதுக்கு முந்தின ஜெர்மன் பாணி, எண்ணெய்த் தொட்டில இறக்கி அளக்கிறதுக்காக ஓட்டை. அதனால நம்ம ஊரு ஐப்பசி மழைக்கு ஒரு மதிப்பும் சித்திரைக்கு ஒரு மதிப்பும் காட்டும். ஒரு எவர்சில்வர் டப்பால சிலிகா ஜெல் போட்டு மூடி வைங்க, ரெண்டு மாசம் மறந்துடுங்க.

---

கேல்வனோ

எல்லாரும் 1000.47 பத்தி பேசாம விட்டுட்டோமே.

திருச்சி, அந்த பிளேட்டுல ஓம்னு மட்டும் போட்டிருக்கா, இல்ல முன்னாடி ஏதாவது இருக்கா? லென்ஸ் வெச்சுப் பாருங்க. 1936ன்னு சொன்னதும் எனக்கு ஒரு சந்தேகம்.

---

திருச்சி_மின்மினி

இப்பதான் பாத்தேன். அழுக்கா இருக்கு. "இன்டர்..." வரைக்கும் தெரியுது, அப்புறம் தேஞ்சிருக்கு, அப்புறம் "ஓம்ஸ்".

---

கேல்வனோ

அதேதான்! இன்டர்நேஷனல் ஓம்ஸ். உங்க ரெசிஸ்டர் ட்ரிஃப்ட் ஆகல, ஓம் தான் மாறிடுச்சு.

விளக்கமா சொல்றேன். 1893லேருந்து ஓம்னா என்னன்னா, பனி உருகுற டெம்பரேச்சர்ல 14.4521 கிராம் பாதரசத்தை ஒரே சீரா குழாய்ல ஊத்தினா 106.3 சென்டிமீட்டர் நீளம் வரும்ல, அதோட ரெசிஸ்டன்ஸ். அதுக்குப் பேரு இன்டர்நேஷனல் ஓம். அதுக்கு முன்னாடி 1884ல 106 சென்டிமீட்டர்னு ஒண்ணு இருந்துச்சு, லீகல் ஓம், அந்த பேர் போட்ட பெட்டி யாருக்காவது கெடச்சா எனக்கு சொல்லுங்க, சொத்தை வித்தாவது வாங்கறேன். அப்புறம் நீளம், எடை, நேரம் இதுலேருந்து நேரடியா கணக்குப் போட்டு அளக்க வழி வந்தப்போ பாத்தா பாதரச ஓம் கொஞ்சம் பெருசா இருக்கு. 1948 ஜனவரி 1ஆம் தேதி உலகமே மாறிச்சு. ஒரு பழைய ஓம் = 1.00049 புது ஓம். வோல்ட்டும் அதே நாள்ல, ஒரு பழைய வோல்ட் = 1.00034 புது வோல்ட்.

அப்போ உங்க 1000 பழைய ஓம் இன்னிக்கு மீட்டர்ல 1000.49 காட்டணும். காட்டுறது 1000.47.

செல்லுக்கும் இதே கதை. 1.0183ங்கறது பழைய வோல்ட். புதுசுல 1.01865. நம்ம ஊரு பிராக்டிகல் புக்குல இன்னும் 1.0183ன்னே அச்சடிச்சுக்கிட்டிருக்காங்க, நானும் வைவால அதைச் சொல்லித்தான் பாஸ் ஆனேன். 1.01865ல 30 டிகிரிக்கு 490 மைக்ரோவோல்ட் கழிச்சா 1.01816. இப்போ நீங்க ஹை இம்பீடன்ஸ்ல அளந்து சொல்லுங்க.

1990ல ஜோசப்சன், குவாண்டம் ஹால்னு குவாண்டம் விளைவுகளை வெச்சு வோல்ட்டையும் ஓமையும் நிர்ணயிக்கிற முறை வந்தப்புறம் இந்த மாதிரி செல்லுக்கெல்லாம் வேலை போச்சு. 2019 மே 20ல யூனிட்டுகளை மறுபடி மாத்தினாங்க, அப்போ வோல்ட் மாறினது பத்து மில்லியன்ல ஒரு பங்கு சொச்சம்தான், நம்ம மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. 1948 மாத்தம் அப்படி இல்ல, 34401ஏ கண்ணுக்கே தெரியுற அளவு.

---

திருச்சி_மின்மினி (12 நாள் கழிச்சு)

எல்லாருக்கும் கோடி நன்றி. அப்டேட்.

செல்லுல கல்கண்டு இருக்கு! ரெண்டு கால்லயும். ஃபேனை நிறுத்திட்டு வேர்த்து விறுவிறுத்து உக்காந்து பாத்தேன், பெட்டி தெர்மாமீட்டர் 30.0. பழைய மாதிரி 10 மெகால 1.01805, ஹை இம்பீடன்ஸுக்கு மாத்தினா 1.01812. வித்தியாசம் 70 மைக்ரோவோல்ட், 0.1 மைக்ரோஆம்ப்ல வகுத்தா உள் ரெசிஸ்டன்ஸ் 700 ஓம் வருது. சரிதானே? இந்தக் கணக்கைப் போட்டப்போ எனக்கு என்னமோ அந்த செல்லுக்கு நாடி புடிச்சுப் பாத்த மாதிரி இருந்துச்சு.

பிஓ பாக்ஸ் அண்ணாச்சி சொன்னபடி ஒவ்வொரு ப்ளக்கா தொடைச்சேன், மூணு மணி நேரம் ஆச்சு. முன்ன ஒரே ப்ளக்கை எடுத்து வெச்சா 20, 30 மில்லிஓம் ஆடுச்சு, இப்போ மீட்டர்ல கடைசி டிஜிட்தான் ஆடுது.

மூடிக்கு கடைக்குப் போனேன். மரமெல்லாம் பக்கத்து டீக்கடைக்குப் போயிடுச்சாம், அடுப்புக்கு. ஓடினேன். பிஓ பாக்ஸ் மூடி எரிஞ்சு போச்சு. ஆனா வேற ஒரு சின்ன பெட்டி மூடி விறகு அடுக்குல சொருகியிருந்துச்சு, எடுத்துப் பாத்தா ரெசிஸ்டர் வெச்சிருந்த பெட்டியோடது! உள்ள கார்டு, பாதி கரையான் தின்னது. பேனா மையில எழுதினது, 1936ல ஒரு வரி, 1939ல ஒரு வரி, 1951ல ஒரு வரி. 1939 வரில கரெக்ஷன் மைனஸ் 0.002 பர்சென்ட்னு இருக்கு. அதாவது 20 பிபிஎம் (பத்து லட்சத்துல 20 பங்கு) கம்மி. 1948 ஓம் மாத்தத்தோட 490 பிபிஎம்ல 20 போனா 470. என் மீட்டர் காட்டினது 1000.47!!! டீ மாஸ்டர்கிட்ட காட்டினேன், அவரு ஒரு டீ குடுத்துட்டு காசு வாங்கல.

---

ஈயக்கம்பி

சந்தோஷத்தைக் கெடுக்கறேன்னு நினைக்காதீங்க. 34401ஏ 1 கிலோ ஓம் ரேஞ்சுல ஒரு வருஷ அக்யூரசி 0.010 பர்சென்ட் ரீடிங், அதோட 0.001 பர்சென்ட் ரேஞ்சு, மொத்தம் 110 பிபிஎம். அதுவும் கேலிப்ரேட் பண்ணி ஒரு வருஷத்துக்குள்ள, 23 டிகிரிக்குப் பக்கத்துல. உங்க மீட்டர் கடைசியா எப்போ கேலிப்ரேட் ஆச்சு? ரூம் வேற 30. மாங்கனினும் 20லேருந்து 30க்குப் போனா சில பத்து பிபிஎம் நகரலாம். அதனால 1948 மாத்தம் தெரியுது, அது உறுதி. 20 பிபிஎம் கரெக்டா பொருந்தினது லாட்டரி.

---

திருச்சி_மின்மினி

😅 2019 ஸ்டிக்கர்.

---

கேல்வனோ

அப்போ லாட்டரியேதான். ஆனா செல் 1.01812, எதிர்பார்த்தது 1.01816, வித்தியாசம் 40 மைக்ரோவோல்ட். மீட்டரோட ஒரு வருஷ லிமிட்டே 1 வோல்ட் ரேஞ்சுல அதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. யார் தப்பு காட்டுறாங்க, செல்லா மீட்டரான்னு சொல்ல முடியாத நிலைமை. 90 வயசுக் கெழவிக்கு இது போதும். 700 ஓம் கணக்கும் சரி. அதை எழுதி வைங்க, வருஷா வருஷம் அது ஏறுதான்னு பாருங்க, செல் கெடப்போகுதுன்னா அதுல முன்னாடியே தெரியும்.

நிஜமாவே மதிப்பு வேணும்னா ரெசிஸ்டரை மட்டும் சென்னை ஈடிடிசிக்கோ (மத்திய அரசோட எலக்ட்ரானிக்ஸ் டெஸ்ட் சென்டர்) இல்ல என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள வேற கேலிப்ரேஷன் லேபுக்கோ குடுத்து ஒரு சர்டிஃபிகேட் வாங்குங்க, முன்னாடியே ஃபோன் பண்ணி இந்தப் பழைய பாதரசக் கால் டைப்பை எடுப்பாங்களான்னு கேட்டுக்கோங்க. செல்லை கூரியர்ல அனுப்புற வேலை வேணாம்.

---

லேப்_அண்ணாச்சி

தம்பி அந்த 1951 வரில என்ன எழுதியிருக்கு, அதைச் சொல்லவே இல்லையே?

---

திருச்சி_மின்மினி

நம்பர் இருந்த இடம்தான் கரையானுக்குப் போச்சு அண்ணாச்சி. பக்கத்துல குறிப்பு மட்டும் இருக்கு, "கோடை விடுமுறைக்குப் பின். பெட்டி ஈரம்." கீழ சின்னதா ஒரு கையெழுத்து.

சிலிகா ஜெல் வாங்கிட்டேன். எவர்சில்வர் டப்பாதான் அம்மா தர மாட்டேங்குறாங்க.